ஒரு முறை மட்டும் நிகழ்ந்தவை

கறுப்புப் பொத்தான் வைத்த கேஸ் லைட்டர் பற்றிக்கொண்டது. சிவப்புப் பொத்தான் வைத்தது பற்றவில்லை. இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே மாதிரி எவர்சில்வர் குழாய். அமலோற்பவம் இரண்டையும் வயர் கூடையிலிருந்து எடுத்து நவநீதனின் மேசைமேல் வைத்து மூன்று முறை செய்து காட்டிவிட்டார்.

"இன்னொரு தபா பாருங்க சார். லைட்டர் மேல கோளாறுன்னு சொல்லிடப் போறீங்க."

இடது கையில், அதாவது சொந்தக் கையில், சிவப்பு லைட்டரை எடுத்து அழுத்தினார். 'டிக்' என்றது, நுனியில் நீலப் பொறி தெறித்தது. அதையே வலது கைக்கு மாற்றினார். வலது கை, மணிக்கட்டுக்குக் கீழே முழுவதும், நவநீதனின் நிறுவனம் செய்த கை. விரல்கள் குழாயை அளவாகப் பற்றின. கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே எழுந்தது, இறங்கியது, ஒரு நெல் தடிமன் தூரத்தில் அப்படியே நின்றது.

"நிக்குது பாத்தீங்களா? சண்ட போட்டுட்டுப் போன மருமவன் மாமியார் வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி."

நவநீதன் சிரித்தான். ஆனால் அவனுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. விரல்களைச் செய்வதும் மோட்டார்களைப் பொருத்துவதும் வேறு ஆட்களின் வேலை. இந்தக் கைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற விதிப்பட்டியலை எழுதுவது அவன் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டிக் கையை இழந்தவர்களில் நாற்பத்திரண்டு பேருக்கு அவன்தான் பட்டியல் போட்டிருந்தான். ஒரு கை எதையாவது செய்ய மறுத்தால், மறுப்பது மோட்டார் அல்ல, அவன்.

"நெருப்புன்னு நெனச்சு மறுக்குதோ?" என்று முணுமுணுத்தான்.

"அப்ப கறுப்பு எப்படிப் பத்துது?"

"அதான் தெரியல."

பிடியின் அழுத்தத்தைச் சோதித்தான். கட்டைவிரலின் கம்பியைச் சோதித்தான். சிவப்பு லைட்டரில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடச் சுரண்டி எடுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. பற்றவில்லை.

"பழைய கறுப்பையே வெச்சுக்கலாம்ல அக்கா?"

"அதுல கல்லு தேஞ்சு போச்சு. பத்து தடவைக்கு ரெண்டு தடவதான் பத்தும். இது போன வாரம் புது அடுப்போட வந்துச்சு. அது கெடக்கட்டும் சார், எனக்கு ஒண்ணு புரியல. நான் அமுக்குன்னு சொல்றேன். இது அமுக்க மாட்டேங்குது. இது யாரு பேச்சக் கேக்குது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்குகிறவன் நவநீதன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உங்க பேச்சத்தான் கேக்குது. ஆனா உங்க பேச்ச மட்டும் கேட்டா ஆபத்து. நாலு வருஷம் முன்னாடி ஒரே நேரத்துல அறுநூறு பேரோட கைக்குள்ள வைரஸ் பூந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஐயோ, டிவில காட்டினாங்களே. பஸ் ஓட்டினவர் கை ஸ்டியரிங்க விட்டுடுச்சு."

"ஆமா. அந்தக் கைகளுக்கு வந்த கட்டளையும் உங்க மூளையிலேர்ந்து வர்ற கட்டளையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். கையை ஓட்டுற நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால சட்டம் போட்டாங்க. கட்டளை யாரோடதுன்னு கேக்காத. இந்தச் செயல் பட்டியல்ல இருக்கான்னு மட்டும் கேளு. இருந்தா செய். இல்லன்னா, ஆண்டவனே சொன்னாலும் செய்யாத. இதுக்குப் பேரு கட்டாய அனுமதி முறை."

"ஆண்டவர இழுக்காதீங்க சார்."

"சரி, கல்யாண மண்டபம்னு வெச்சுக்குங்க. வாசல்ல எல்லாருக்கும் ஒரு பேட்ஜ் குத்துறாங்க. சமையல், மேளம், போட்டோ, விருந்தாளி. எந்த பேட்ஜ் எந்த அறைக்குள்ள போகலாம்னு மண்டபத்துல ஒரு பட்டியல் இருக்கு. போட்டோ பேட்ஜ் சமையல்கட்டுக்குள்ள போக முடியாது. கல்யாணமே உங்க பொண்ணுக்குத்தான்னாலும், நீங்களே வந்து 'அவர விடுப்பா'ன்னாலும் விட மாட்டாங்க."

"எங்க வூட்டுக் கல்யாணத்துல போட்டோகாரருதான் மொதப் பந்தி."

"அதான் பிரச்சினையே! அந்த மாதிரி யாரும் பூந்துடக் கூடாதுன்னுதான் இது. உங்க உள்ளங்கையில ஒரு சின்னக் கண்ணு இருக்கு. பாக்குற ஒவ்வொரு பொருளுக்கும் அது ஒரு பேட்ஜ் குத்தும். இது பாத்திரம், இது கம்பி, இது மனுஷ உடம்பு. அப்புறம் பட்டியலப் பாக்கும்."

அமலோற்பவம் தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையின் நடுவில் மிளகு அளவில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கை எனக்குச் சொந்தமில்லையா?"

"சொந்தம்தான். சொந்தம் வேற அக்கா, அனுமதி வேற."

அவர் கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "பட்டியல நீங்களே குந்திக்கினு எழுதறதா?" என்றார்.

"நான் எங்க எழுதுறேன், நீங்கதான் எழுதினீங்க. முதல் பதினாலு நாள் கை கற்கும் நிலையில இருந்துச்சு. அப்ப எதையும் மறுக்காது. வீட்லயும் கம்பெனிலயும் நீங்க என்னெல்லாம் செஞ்சீங்களோ எல்லாத்தையும் குறிச்சுக்கும். பதினஞ்சாவது நாள் அந்தக் குறிப்பத்தான் நான் பட்டியலா மாத்தி முத்திரை வெப்பேன். அன்னைலேர்ந்து அதுல இருக்கிறது மட்டும்தான் நடக்கும்."

"பதினாலு நாள்ல மனுசன் செய்யிற எல்லாத்தையும் செஞ்சிடுவானா?"

"பெரும்பாலும்."

அமலோற்பவம் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பதினொரு மணிக்கு ஷிப்ட். மூன்று வருடங்களுக்கு முன் எந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கையை விட்டாரோ, அதே பிரஸ்ஸுக்குத்தான் திரும்பப் போயிருந்தார். நவநீதனுக்கு அது விளங்கவே இல்லை.

"பேக்கிங் பிரிவுல கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. நான்தான் வேணாம்னேன். பிரஸ்ல என் தங்கச்சி ரோஸ்லின் இருக்கா. பாகத்த எடுக்க அவதான் கைய உள்ள வுடுவா. எதிர்ல ஒருத்தர் அடுத்த ஷீட்டப் புடிச்சுக்கினு நிக்கணும். மிஷினு ஏடாகூடமா எறங்கிச்சுன்னா எதிர்ல நிக்கிறவங்கதான் நிறுத்தணும். எனக்கு அடிபட்ட அன்னிக்கு எதிர்ல நின்னது புதுப் பொண்ணு. கத்தினாளே தவிர கைய நீட்டல. அவளக் கொற சொல்லல, பயம். ஆனா என் தங்கச்சிக்கு எதிர்ல நான் மட்டும்தான் நிப்பேன்."

சிவப்பு லைட்டரை அவனிடமே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நவநீதன் அவருடைய கையின் மறுப்புக் குறிப்புகளை வரவழைத்தான். கை ஒவ்வொரு முறை எதையாவது மறுக்கும்போதும் ஒரு வரி எழுதி வைக்கும். அவற்றைப் படிப்பது அவனுக்கு நல்ல காபி குடிப்பது போல.

செய்பவர்: கை நிரல். செயல்: அழுத்துதல். பொருள்: சிவப்பு வட்டப் பொத்தான். முடிவு: மறுக்கப்பட்டது.

ஒரே வாரத்தில் முப்பத்து மூன்று தடவை. நேற்று இந்த மேசையில் செய்து காட்டியவை தவிர எல்லாம் காலை சமையல் நேரம், மாலை சமையல் நேரம். உள்ளங்கைக் கண்ணுக்கு அது லைட்டராகத் தெரியவில்லை. வெறும் சிவப்பு வட்டப் பொத்தானாகத் தெரிந்திருக்கிறது. அந்த பேட்ஜ் குத்திய பொருளை அழுத்த, பட்டியலில் அனுமதி இல்லை. கறுப்புக்கு இருக்கிறது, பழைய லைட்டரைப் பதினான்கு நாளும் அழுத்தியதால். அவ்வளவுதான் விஷயம். நவநீதன் மேசையில் தாளம் தட்டினான்.

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. சிவப்பு வட்டப் பொத்தான் என்று உலகத்தில் வேறு எதெல்லாம் இருக்கிறது?

எல்லா பிரஸ்ஸிலும், இயக்குபவரின் கைக்கெட்டும் தூரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒன்று இருக்கிறது. அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கற்கும் நாட்களின் குறிப்பைத் திறந்தான். ஆறாவது நாள், முற்பகல் 11.52, இடம் தொழிற்கூடம்: சிவப்பு வட்டப் பொத்தான் அழுத்தப்பட்டது. இருந்தது! கை அதைக் கற்றுக்கொண்டுதான் இருந்தது. பட்டியலுக்கு மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை. குறிப்புகளைப் பட்டியலாக மாற்றும்போது கடைசியில் ஒரு பக்கம் வரும். அதன் தலைப்பு: ஒரு முறை மட்டும் நிகழ்ந்தவை. அமலோற்பவத்துக்கு அதில் இருநூற்றுப் பதினான்கு வரிகள். பக்கத்து சீட்காரர் பையில் தவறி நுழைந்த விரல், ஓடும் ஆட்டோவின் கம்பி, யாரோ ஒருவர் கன்னத்துக் கொசு. இவை பழக்கமல்ல, தற்செயல். தற்செயலை அனுமதித்தால் அந்த வழியாக வைரஸ் நுழையும். ஆகவே அந்தப் பக்கத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பது அவர்கள் அலுவலக வழக்கம். வழக்கத்தைத் தொடங்கி வைத்தவனே அவன்தான். நாடு முழுக்க மிகச் சிறிய பட்டியல்களை எழுதுகிறவன் என்று ஒரு கருத்தரங்கில் அவனைப் பாராட்டியிருக்கிறார்கள். அமலோற்பவத்தின் பட்டியல் நானூற்று எட்டே வரி. அன்று அதை நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தான்.

இருநூற்றுப் பதினான்கு வரிகளில் 11.52 எங்கே இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை. பார்த்திருக்கவே மாட்டான்.

சான்றளிப்புப் பிரிவின் தலைவி வசுமதியின் அறைக்கு ஓடினான். வசுமதி அவனைவிடக் கெட்டிக்காரர். அவன் பாதி சொல்லும்போதே முழுவதும் புரிந்துகொண்டார் என்பது அவர் பேனாவை மூடி வைத்த விதத்தில் தெரிந்தது.

"ஆபத்துங்கிறது ஒரு தடவதான் வரும் மேடம். நாம ஒரு தடவ வர்றதையெல்லாம் வெட்டிட்டு இருக்கோம்."

"எத்தனை கை?"

"நாற்பத்திரண்டு. எல்லாம் நான் போட்டது."

"எல்லாரும் பிரஸ் ஷாப்பா?"

"எல்லாரும். ஒரே ஒரு வரி சேர்த்தா போதும் மேடம்."

"முத்திரை வெச்ச பட்டியல்ல ஒரு வரி சேர்க்க முடிஞ்சா அதுக்குப் பேரு முத்திரை இல்ல. இத எனக்கு வகுப்பு எடுத்ததே நீங்கதான் நவநீதன். எழுதினவனாலயே மாத்த முடியாது, அதுதான் அதோட அழகுன்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தான்.

"அப்ப புதுப் பட்டியல். கையக் கழட்டி, மறுபடி பதினாலு நாள் கற்க விட்டு, மறுபடி அரசாங்க ஒப்புதல்."

"மாத்தி எழுதற பட்டியலுக்கு ஒப்புதல் வரிசை இப்ப ஏழு வாரம். ஏழு வாரம் நாற்பத்திரண்டு பேருக்குக் கை இருக்காது. கை இல்லாதவங்களுக்கு அந்த முதலாளிங்க ஏழு வாரம் இடம் போட்டு வெச்சிருப்பாங்களா? ஒரு லைட்டர் பத்தலன்னு வந்த புகாருக்கு இதான் உங்க பதிலா?"

"லைட்டருக்கு இல்ல மேடம்."

"என் மேசைக்கு வந்தது லைட்டர்தான்." வசுமதியின் குரல் உயரவில்லை. "நிரலோட அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம். இப்ப லைட்டர முடிங்க."

"ஸ்டாப்ப இடது கையால அமுக்குங்கன்னாவது சொல்லட்டுமா?"

வசுமதி யோசித்தார். "சொல்லுங்க. ஏன்னு சொல்லாதீங்க."

சாப்பாட்டு இடைவேளையில் அமலோற்பவத்தைப் போனில் பிடித்தான். பின்னால் எவர்சில்வர் டப்பாக்கள் மோதும் ஓசையும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"கண்டுபிடிச்சிட்டேன் அக்கா. அந்தக் கண்ணுக்குச் சிவப்பு சரியாப் படல. பொத்தான் மேல கறுப்போ பச்சையோ நெயில் பாலிஷ் பூசிடுங்க, அது ரெண்டும் கைக்குப் பழக்கம், பத்தும். லைட்டரக் கூரியர்ல அனுப்புறேன்."

"அடேயப்பா! இதுக்குத்தான் அவ்ளோ படிச்சீங்களா தம்பி?" சார் தம்பியாகிவிட்டிருந்தான். "ரோஸ்லின்கிட்ட பச்ச இருக்கு. கிறிஸ்மஸுக்குப் பூசிக்கினு பச்சக்கிளி மாதிரி திரிஞ்சா. ஏய், உன்னத்தான்டீ சொல்றேன்."

"போக்கா," என்று தொலைவில் ஒரு குரல்.

"அப்புறம் அக்கா, பிரஸ்ல அந்த ஸ்டாப் பட்டன்... அத இடது கையால அமுக்கப் பழகிக்குங்க."

"இடது கையில ஷீட்டு இருக்கும் தம்பி. வளைஞ்சிடும்னு வுட முடியாது. பட்டன் வலது பக்கம் இருக்குது. ஏன்?"

நவநீதன் மேசையில் கிடந்த சிவப்பு லைட்டரைப் பார்த்தான்.

"சும்மாதான். ரெண்டு கையும் பழகட்டும்னு."

"அதெல்லாம் இங்க யாரு அமுக்கறா? அமுக்கினா லைன் மறுபடி சூடாவ முக்கா மணி நேரம் ஆவும். சூப்பர்வைசர் கோதண்டம் போர்டுல பேர எழுதி வெச்சிடுவாரு. அடுத்த ஆள் அமுக்கற வரைக்கும் அழிக்க மாட்டாரு. இப்பக்கூட என் பேருதான் தொங்குது. கை மாட்டின புதுசுல ஒருநாள் அமுக்கிட்டேன். ரோஸ்லினோட கையுறை மட்டும் உள்ள சிக்கிக்கிச்சு, கை வெளியதான் இருந்துச்சு. எனக்கு எப்படித் தெரியும்? கையுறையக் காப்பாத்துன வீராங்கனைன்னு அன்னிலேர்ந்து ஒரே கிண்டல். அப்புறம் இன்னொரு நாளு சந்தேகமா இருந்தப்பக்கூட அமுக்கல, சத்தம் போட்டு அவள வெலக்கிட்டேன்."

"சரி அக்கா," என்றான் நவநீதன்.

லைட்டர் புகார் அன்று பிற்பகலே முடித்து வைக்கப்பட்டது. மறுவாரம் அமலோற்பவம் ஒரு வீடியோ அனுப்பினார்: பச்சைப் பொத்தான், கட்டைவிரல், டிக், நீலப் பொறி. கீழே கைகூப்பும் படம் மூன்று.

போன் பேசி இருபத்து மூன்றாம் நாள், காலை பதினொன்றே கால் மணிக்கு, ரோஸ்லினின் சட்டைக் கை பிரஸ்ஸின் கீழச்சு விளிம்பில் மாட்டிக்கொண்டது. பிரஸ்ஸில் ஒளித்திரை ஒன்று உண்டு. குறுக்கே கை வந்தால் தானாக நிற்க வேண்டும். அடிக்கடி நிறுத்திவிடுகிறது என்று அதன் கண்மேல் யாரோ டேப் ஒட்டி வெகுநாளாகிவிட்டது. மேலச்சு இறங்கத் தொடங்கியது. ஹைட்ராலிக் பிரஸ் இடிப்பதில்லை, அமுக்குவதுதான், மெதுவாக இறங்கும். அன்று அதற்கு ஒன்பது வினாடி ஆனது.

எதிரே அமலோற்பவம் நின்றிருந்தார். இடது கையில் ஷீட். வலது கையை நீட்டினார்.

கையின் குறிப்புகளை நவநீதன் மறுநாள் படித்தான். செயல்: அழுத்துதல். பொருள்: சிவப்பு வட்டப் பொத்தான். முடிவு: மறுக்கப்பட்டது. அதே வரி கீழே, அதே வரி அதற்கும் கீழே. எண்ணினான். ஒன்பது வினாடிக்குள் முப்பத்தேழு. ஏழாம் வினாடியில் இடது கை ஷீட்டை விட்டது. ஆனால் வலது பக்கம் இருக்கும் பொத்தானுக்கு இடது கை போய்ச் சேர உடம்பே திரும்ப வேண்டும். பொத்தான் கடைசியில் அழுந்தியது. பத்தாவது வினாடியில்.

ரோஸ்லினுக்கு வலது கை முழங்கைவரை போயிற்று.

அரசாங்க விசாரணைக்கு வசுமதி இரண்டு வரி அறிக்கை எழுதினார். 'கையின் நிரலுக்குள் அந்நியர் எவரும் நுழைந்ததற்கான தடயம் இல்லை. விதிப்பட்டியல் எழுதப்பட்டபடியே செயல்பட்டது.' இரண்டும் உண்மை. நவநீதனும் கையெழுத்திட்டான். குறிப்புகள் நிறுவனத்தின் சொத்து என்பதால் யாருக்கும் தரப்படவில்லை. அதன்பின் அடுத்த பதிப்பில் எதையும் மாற்றவும் முடியவில்லை. மாற்றினால் இந்தப் பதிப்பில் பிழை இருந்தது என்று எழுதிக் கொடுத்ததாகும் என்றார் வசுமதி. ஒரு முறை மட்டும் நிகழ்ந்தவை தொடர்ந்து அழிக்கப்பட்டன. மற்ற நாற்பத்தொரு கைகளும் பிரஸ்களில் வேலை செய்துகொண்டிருந்தன.

கையில் குறை இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அப்படியானால் குறை வேறெங்கோ இருக்க வேண்டும். அமலோற்பவம் கையை நீட்டியபடி சிலைபோல நின்றதைப் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். உள்ளிருந்து பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் இருந்தது. நீட்டினேன், ஒரு நெல் தூரத்தில் நின்றுவிட்டது. கையுறை அன்று இதே கைதானே அதே பொத்தானை அமுக்கியது, கையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்தப் புதுப் பெண்ணுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? பயம் என்பது இதுதான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டார். பேக்கிங் பிரிவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ரோஸ்லினுக்குக் கை பொருத்தும் நாள் வந்தது. அக்காதான் கூட வந்தார், அதே வயர் கூடையோடு. இருவரும் நவநீதனின் மேசைக்கு எதிரே பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறியாடீ?" என்று பாட்டிலை நீட்டினார் அமலோற்பவம்.

ரோஸ்லின் நவநீதனைப் பார்த்துச் சொன்னாள்: "தண்ணி வேணாம்னு சொல்லுங்க சார்."

"மூணு மாசமா இப்படித்தான் தம்பி," என்றார் அமலோற்பவம், ஏதோ சளி பிடித்திருப்பதைச் சொல்வது போல. "அவ மேல தப்பில்ல. எதிர்ல நின்னு பாத்துக்கினு இருந்தா யாருக்குத்தான் ஆறும். நான் பயந்துட்டேன்."

நவநீதன் புதுக் கையை ரோஸ்லினின் தோள்பட்டை வாரில் மாட்டினான். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கையின் மிளகுக் கண் அவனைப் பார்த்தது. ஒவ்வொருவருக்கும் சொல்வதை வழக்கம்போல நிதானமாகச் சொன்னான்: பேட்ஜ், பட்டியல், பதினான்கு நாள், முத்திரை. கல்யாண மண்டபத்தைச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் நிறுத்தினான்.

"இந்தப் பதினாலு நாளைக்குள்ள பிரஸ் ஷாப்புக்குப் போய் அந்த ஸ்டாப் பட்டன அமுக்கணும். ரெண்டு தடவ. ரெண்டு தனித்தனி நாள்ல."

ரோஸ்லின் சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "அத அங்க யாரும் அமுக்க மாட்டாங்க சார். அதுக்குன்னே எதிர்ல நிக்கிறவங்ககூட அமுக்க மாட்டாங்க."

அமலோற்பவம் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார்.

"அமுக்கணும்," என்றான் நவநீதன். "கோதண்டம் பேர எழுதினா எழுதட்டும்."

"ஏன் ரெண்டு தடவ?" என்று கேட்டது அமலோற்பவம்.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க நவநீதனுக்குத் தெரியாது. எதிரே இருந்த மூடிய கதவை ஒரு முறை பார்த்தான். வசுமதியின் அறை.

"ஒரே ஒரு தடவ நடந்தத நாங்க தற்செயல்னு அழிச்சிடுவோம் அக்கா. அழிச்சிட்டா அது பட்டியல்ல இருக்காது. பட்டியல்ல இல்லன்னா, அப்புறம் நீங்க எத்தனை தடவ அமுக்கினாலும் கை அமுக்காது. ஒரு நெல் தூரத்துல நின்னுடும். ஒம்போது வினாடியில முப்பத்தேழு தடவ அமுக்கினாலும் நிக்கும்."



அமலோற்பவம் தன் வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். கட்டைவிரல் நுனியில் துளி பச்சை ஒட்டியிருந்தது.

"நான் ஒரு தபாதான் அமுக்கியிருந்தேன்," என்றார் மெல்ல. "அந்தக் கையுறை அன்னிக்கு."

நவநீதன் தலையசைத்தான்.

ரோஸ்லின் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "முப்பத்தேழா?" என்றாள். கேட்டது அவனை அல்ல. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கீழுதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

நவநீதன் ரோஸ்லினின் பராமரிப்பு அட்டையைத் தன் பக்கம் இழுத்தான். சார்ஜ் போடுவது எப்படி, தண்ணீர் படாமல் பார்ப்பது எப்படி என்று அச்சிட்டிருந்த வரிகளுக்கெல்லாம் மேலே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. யார் படித்தாலும் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதினான்:

கற்கும் நாட்களில் சிவப்புப் பொத்தானைக் குறைந்தது இரண்டு முறை அழுத்தவும்.